டிராகுலாவும் மற்ற ரத்தக்காட்டேரிகளும்: சேர்ந்து வாசிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழு பேர். மாதம் இரண்டு ஞாயிறு ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடி, படித்துக்கொண்டிருக்கும் த்ரில்லர் நாவல்களைப் பற்றிப் பேசுவோம். சென்ற ஆண்டு பேச்சு முழுவதையும் ரத்தக்காட்டேரிகள், அதாவது ரத்தம் குடிக்கும் வாம்பயர்கள், பிடித்துக்கொண்டன. புதிதாக வந்து உட்காருபவர்கள் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இவை என் பதில்கள். மற்ற ஆறு பேரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே நாவலை ஆறு மாதமாகவா படித்தீர்கள்?

ஆமாம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா'வில் கதாசிரியர் குரல் என்று ஒன்று கிடையாது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் தலைவனின் பதிவேடு என்று காகிதங்களாகவே கதை நகர்கிறது. அநேகமாக ஒவ்வொரு காகிதத்திலும் தேதி இருக்கிறது. முதல் பதிவு மே 3. வேட்டை முடிவது நவம்பர் 6. ஆகவே அந்தந்த நாளுக்குரிய காகிதத்தை அந்தந்த நாளில் படிப்பது என்று முடிவு செய்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. உலகம் முழுவதும் பல வாசகர்கள் இப்படிப் படிக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புத்தகத்தில் காகிதங்கள் சரியான தேதி வரிசையில் இல்லை. முதல் நான்கு அத்தியாயங்களும் டிரான்சில்வேனியாவில் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குள் அகப்பட்ட இளம் வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கரின் குறிப்புகள். அவை ஜூன் 30 வரை போய்விடுகின்றன. ஐந்தாம் அத்தியாயம் மே 9க்குத் திரும்பி, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மினா தன் தோழி லூசிக்கு எழுதும் கடிதத்தில் தொடங்குகிறது. தேதிப்படி படித்தால் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும். மே 8: ஜோனதன் சவரக் கண்ணாடியில் பார்க்கிறான், தோளருகே நிற்கும் பிரபுவின் உருவம் அதில் தெரியவில்லை. மே 9: மினா சுருக்கெழுத்து பழகுவதைப் பற்றியும் தட்டச்சு பழகுவதைப் பற்றியும் உற்சாகமாக எழுதுகிறாள். திருமணத்துக்குப் பிறகு கணவனுக்கு வேலையில் உதவியாக இருக்குமாம். அந்த உற்சாகத்தைப் படித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 30க்குப் பிறகு ஜோனதனிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. ஜூலை முழுவதும் இல்லை. ஆகஸ்ட் 12 தேதியிட்டு புடாபெஸ்ட் மருத்துவமனையிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ எழுதும்போதுதான் அவன் உயிரோடு இருப்பது தெரிகிறது. நேராகப் படித்தால் இந்த இடைவெளியை ஒரே மாலையில் கடந்துவிடலாம். நாங்கள் ஆறு வாரம் காத்திருந்தோம்.

இது பேய்க்கதைதானே? த்ரில்லர் கூட்டத்தில் எதற்கு?

துப்பறியும் கதையில் செய்தது யார் என்று தேடுகிறோம். த்ரில்லரில் செய்பவன் யார் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியும், நேரம் போதுமா என்பதுதான் தெரியாது. அந்தக் கணக்கில் 'டிராகுலா' சுத்தமான த்ரில்லர். கடைசி ஐம்பது பக்கங்களில் ரயில் அட்டவணை, நீராவிப் படகு, குதிரை, பனிப்பொழிவு, சூரியன் மறையும் நேரம் ஆகியவை ஒன்றையொன்று துரத்துகின்றன. மினா ஐரோப்பிய ரயில் நேரங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பேயை விரட்ட மந்திரம் தெரிந்தவர்கள் வருவது நமக்குப் பழகிய கதை, இங்கே ரயில் நேரம் தெரிந்தவள் வருகிறாள்.

முடிவு எல்லோருக்கும் தெரியுமே, பிறகு படித்து என்ன பயன்?

டிராகுலா யார் என்று தெரிந்திருப்பதால்தான் இந்த நாவல் இன்றைக்குக் கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்பேன். 1897இல் முதன்முதலாகப் படித்தவருக்குப் பெயரளவில் ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும். நமக்கு அதுவும் இல்லை. ஜோனதன் ஒவ்வொரு படியாக ஏறி அந்தக் கதவுக்குள் போகும்போது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே படிக்கிறோம்.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். மே 19 அன்று பிரபு ஜோனதனிடம் மிக மரியாதையாக மூன்று கடிதங்கள் எழுதித் தரச் சொல்கிறார். வேலை முடியப்போகிறது என்று ஒன்று, மறுநாள் காலை புறப்படுகிறேன் என்று ஒன்று, கோட்டையை விட்டு பிஸ்திரித்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன் என்று ஒன்று. தபால் ஒழுங்காகப் போகாத ஊர் என்பதால் இப்போதே எழுதி வைத்தால் நல்லது என்று காரணம். என்ன தேதி போடுவது என்று ஜோனதன் கேட்கிறான். பிரபு ஒரு நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு, ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29 என்கிறார். தன் ஆயுள் எவ்வளவு என்று இப்போது தெரிந்துவிட்டதாக அன்றைக்கு ஜோனதன் எழுதி வைக்கிறான். ரத்தம் இல்லை, பல் இல்லை, சத்தம்கூட இல்லை. ஒருவர் விரல்விட்டு நாள் எண்ணுகிறார், அவ்வளவுதான். த்ரில்லர் எழுத விரும்புபவர்கள் இந்த ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் பார்க்கலாம்.

இந்தக் கதாபாத்திரங்கள் ஏன் இவ்வளவு முட்டாள்களாக இருக்கிறார்கள்?

கூட்டத்துக்குக் கூட்டம் வரும் கேள்வி இது. அதிகம் சண்டை போட்டதும் இதில்தான்.

அவர்கள் முட்டாள்கள் அல்ல என்பது என் கட்சி. இரண்டு மருத்துவர்கள், ஒரு வழக்கறிஞர், ஒரு பள்ளி ஆசிரியை. ஆளுக்கு ஒரு துண்டு உண்மை கையில் இருக்கிறது. ஜோனதனுக்குப் பிரபுவைத் தெரியும். லூசிக்கு என்ன நடக்கிறது என்று மினா கண்ணால் பார்த்திருக்கிறாள். மனநோய் விடுதி நடத்தும் சீவர்டுக்கு, ஈயையும் சிலந்தியையும் பிடித்துத் தின்னும் ரென்ஃபீல்டின் நடத்தை தெரியும். பேராசிரியர் வான் ஹெல்சிங்குக்கு நோயின் பெயரே தெரியும். ஆனால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. மரியாதை கருதி ஒருவர், அதிர்ச்சி தரக்கூடாது என்று ஒருவர், நிச்சயமாகத் தெரியட்டும் பிறகு சொல்லலாம் என்று ஒருவர்.

லூசியின் படுக்கையறையைச் சுற்றி வான் ஹெல்சிங் பூண்டுப் பூக்களைக் கட்டி, ஜன்னலை அடைத்து, கழுத்தைச் சுற்றியும் பூமாலை போட்டுவிட்டுப் போகிறார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. லூசியின் தாய்க்கு இதயம் பலவீனம், பயமுறுத்தக் கூடாது. மறுநாள் காலை அந்த அம்மா சிரித்த முகத்தோடு எதிரே வந்து, இரவு அறையில் என்ன நாற்றம், குழந்தை தூங்குவதற்கு வசதியாக அந்தப் பூக்களையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன் என்கிறார். அவர் போனதும் அந்தப் பெரிய பேராசிரியர் சாப்பாட்டு அறைக்குள் போய்த் தேம்பி அழுகிறார். எங்கள் வீடுகளில் நடக்காததா இது? பெரியவர்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்த எத்தனை மருத்துவ அறிக்கைகள், அவர்கள் அறியாமல் செய்த எத்தனை உதவிகளால் கெட்டிருக்கின்றன.

அடுத்து ஒரு தந்தி. இன்றிரவு லூசியின் வீட்டிலேயே இரு என்று ஆன்ட்வெர்ப்பிலிருந்து சீவர்டுக்கு வான் ஹெல்சிங் அனுப்புகிறார். மாவட்டத்தின் பெயரைப் போடாததால் தந்தி சசெக்ஸ் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு 22 மணி நேரம் தாமதமாக வருகிறது. டிராகுலாவுக்கு அந்த ஓர் இரவு போதுமானதாக இருந்தது.

பிறகு எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். எல்லோருடைய குறிப்புகளையும், மெழுகு உருளையில் சீவர்டு பேசிப் பதிந்து வைத்த நாட்குறிப்பையும்கூட, மினா தட்டச்சு செய்து தேதி வரிசையில் அடுக்குகிறாள். நாம் படிக்கும் புத்தகமே அந்த அடுக்குதான். முதல் முறையாக எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது, முதல் முறையாக டிராகுலா பின்வாங்கத் தொடங்குகிறான். உடனே அந்த ஆண்கள் என்ன செய்கிறார்கள்? இனி இது பெண்ணுக்கு ஆகாத வேலை, மினாவிடம் எதையும் சொல்லவேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அவளை மாடியில் தூங்க வைத்துவிட்டு வேட்டைக்குப் போகிறார்கள். அந்த நாட்களில்தான் டிராகுலா ரத்தம் குடிக்க அவள் வெளுத்துப் போகிறாள். கணவனுக்குத் தெரியவில்லை, மருத்துவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ரென்ஃபீல்டுக்கு மட்டும்: கெண்டியில் தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போன தேநீர்போல இருந்தாள் என்கிறான்.

இதை டிராகுலாவும் புரிந்துவைத்திருக்கிறான் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மாட்டிக்கொண்டு தப்பி ஓடும் அவசரத்திலும் அவன் செய்யும் ஒரு காரியம், மினா தட்டச்சு செய்த காகிதங்களையும் சீவர்டின் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டுக் கொளுத்துவது. சிலுவையைப் பார்த்தால் விலகுகிறான், பூண்டைப் பார்த்தால் ஒதுங்குகிறான், அடுக்கி வைத்த காகிதத்தைப் பார்த்தால் எரிக்கிறான். நல்லவேளை, மினா நகல்தாள் வைத்து மூன்று படிகள் எடுத்திருந்தாள். ஒன்று இரும்புப் பெட்டியில் இருந்தது.

இதைக் கேட்டபின்னும் எங்கள் கூட்டத்தில் ஒருவர், ஆனாலும் முட்டாள்கள்தான் என்கிறார். அவருடைய வாதத்துக்கும் பலம் இருக்கிறது: மனைவியின் கழுத்தை ஒருமுறை பார்த்திருக்கலாமே?

டிராகுலா பகலில் நடமாடுகிறானே, எரிந்து சாம்பலாக வேண்டாமா?

நாவலில் அப்படி ஒரு விதி கிடையாது. பகலில் அவனுக்குச் சக்தி குறைவு, நினைத்தபடி உருமாற முடியாது, அவ்வளவுதான். லண்டன் பிக்காடிலி தெருவில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை வெறித்துக்கொண்டிருக்கிறான். அக்டோபரில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் தேடும்போது கறுப்பு உடையும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக வந்தானாம். அந்தத் தொப்பி அவனுக்கும் பொருந்தவில்லை, பருவத்துக்கும் பொருந்தவில்லை என்று வான் ஹெல்சிங் குறைப்பட்டுக்கொள்கிறார்.

சூரிய ஒளி கொல்லும் என்பது 1922இல் ஜெர்மனியில் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தால் பரவியது. உரிமை வாங்காமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குத் தொடர்ந்து ஜெயித்தார், படத்தின் பிரதிகளை அழிக்கும்படி 1925இல் தீர்ப்பானது. சில பிரதிகள் தப்பிவிட்டன. தப்பியவற்றிலிருந்து அந்த விதியும் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

மார்பில் மரமுளை அடித்துத்தான் டிராகுலாவைக் கொன்றார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இங்கேயே பதில்: இல்லை. முளை, இறந்தபின் ரத்தக்காட்டேரியாக எழுந்த லூசிக்கு. டிராகுலாவின் கழுத்தை ஜோனதன் குக்ரி கத்தியால் அறுக்கிறான், அதே கணத்தில் அமெரிக்கரான குவின்சி மாரிஸின் வேட்டைக்கத்தி மார்பில் இறங்குகிறது. கூர்க்காக்களின் வளைந்த கத்தி டிரான்சில்வேனியப் பனியில் வந்து வேலை செய்வதைப் பற்றித் தனியாக ஒரு ஞாயிறு பேசினோம்.

லூசிக்கு நான்கு பேர் ரத்தம் கொடுக்கிறார்களே, அது நடக்கிற காரியமா?

ரத்தப் பிரிவுகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் அறிவித்தது 1901இல். நாவல் அதற்கு நான்கு ஆண்டு மூத்தது. லூசியை மணக்கவிருந்த ஆர்தர், சீவர்டு, வான் ஹெல்சிங், குவின்சி என்று வரிசையாக ஆள் பலத்தைப் பார்த்து ரத்தம் எடுத்து ஏற்றுகிறார்கள். லூசியைக் கொன்றது டிராகுலாவா மருத்துவர்களா என்று எங்களிடையே இருக்கும் செவிலியர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

டிராகுலா உண்மையில் வாழ்ந்த மன்னர்தானே?

பெயர் மட்டும் உண்மை. ஸ்டோக்கர் தன் பாத்திரத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'வாம்பயர் பிரபு' என்கிற மாதிரியானது. 1890 கோடையில் இங்கிலாந்தின் விட்பி என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள நூலகத்தில் வாலாக்கியா (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரையும், அந்த மொழியில் அதற்குப் பிசாசு என்று பொருள் என்ற அடிக்குறிப்பையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். 15ஆம் நூற்றாண்டில் வாலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட் எதிரிகளைக் கழுவில் ஏற்றியது வரலாறு. ஆனால் ரத்தம் குடிக்கும் பாத்திரத்தை அவரைப் பார்த்து உருவாக்கினார் என்று சொல்ல ஸ்டோக்கரின் குறிப்புகளில் ஆதாரம் இல்லை. அவர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை, எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது. விட்பியை மட்டும் நேரில் பார்த்தார். அதனால்தான் தேவாலயத்துக்கு ஏறும் 199 படிகளும் கல்லறைத் தோட்டமும் நாவலில் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன. 1885இல் அந்த ஊரில் ஒரு ரஷ்யக் கப்பல் தரைதட்டியது. அதன் பெயர் திமித்ரி. நாவலில் டிராகுலாவை ஏற்றிவரும் கப்பலின் பெயர் டிமீட்டர்.

ஆட்கள் இதையெல்லாம் நிஜமாகவே நம்பினார்களா?

நம்பினார்கள், அரசு அறிக்கை எழுதும் அளவுக்கு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய செர்பியாவின் சில கிராமங்கள் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தன. 1725இல் ஒன்றிலும் 1730களின் தொடக்கத்தில் மற்றொன்றிலும், இறந்தவர் எழுந்துவந்து ஊராரைக் கொல்கிறார் என்று பிணங்களைத் தோண்டினார்கள். அரசு அதிகாரியும் ராணுவ மருத்துவர்களும் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினார்கள்: உடல் அழுகவில்லை, உப்பியிருக்கிறது, வாயோரம் ரத்தம், நகம் வளர்ந்திருக்கிறது. அந்த அறிக்கைகள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்தன, 'வாம்பயர்' என்ற சொல் அப்போதுதான் மேற்கு ஐரோப்பாவில் பரவியது.

இன்று தடயவியல் படித்த எவரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகத்தான் அழுகும். உள்ளே வாயு சேர்ந்து உப்பும், அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்புத் திரவம் வாய் வழியாக வரும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்ததுபோலத் தெரியும். முளை அடித்தால் வாயு வெளியேறும்போது முனகல்கூடக் கேட்கும். பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததற்கு அவர்கள் கொடுத்த காரணம்தான் தவறு. 1755இல் பேரரசி மரியா தெரசா தன் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் பார்த்துவிட்டு இப்படித் தோண்டுவதற்குத் தடை போட்டார்.

அமெரிக்காவிலோ 1892இல், ரோட் ஐலண்ட் மாநிலத்தில், காசநோயில் இறந்த பத்தொன்பது வயது மெர்சி பிரௌனின் உடலைத் தோண்டி எடுத்து இதயத்தை எரித்தார்கள். சாம்பலைக் கரைத்து நோயாளியான அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவனும் இறந்தான். 'டிராகுலா' வெளிவர ஐந்து ஆண்டுகளே இருந்தன.

வௌவாலைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்பதும் தலைகீழ். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்று இனம், மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான். கதையில் வரும் பிசாசின் பெயரைத்தான் அந்த வௌவாலுக்கு வைத்தார்கள்.

நம் ஊரில் ரத்தக்காட்டேரி உண்டா?

சொல் இருக்கிறது, பொருள் வேறு. காட்டேரி நம் நாட்டார் வழிபாட்டில் இருப்பவள், படையல் பெறுபவள். கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் வழித்தோன்றல்கள் கயானாவில் இன்றும் அவளை வழிபடுகிறார்கள். ஐரோப்பியப் பிரபுவுக்கு அவள் பெயரைத் தூக்கிக் கொடுத்தது மொழிபெயர்ப்பாளர்கள் செய்த அவசரம். வேறு நல்ல சொல் கிடைக்காததால் நானும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். வேதாளமும் சரிப்படாது. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோனபோது தலைப்பிலேயே வேதாளத்தை 'வாம்பயர்' ஆக்கிவிட்டார். முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடும் அந்த வாயாடிக்கு ரத்தத்தில் நாட்டமே இல்லை.

ரத்தம் வேண்டுமென்றால் கலிங்கத்துப்பரணிக்குத்தான் போகவேண்டும். போர் முடிந்த களத்தில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, அதன் பிறகு ரத்தமும் நிணமுமாகக் கூழ் காய்ச்சிப் பந்தி உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வேறுபாடு அங்கேதான். நம் பேய் ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறது. அவர்கள் பேய் இரவில், ஒரே ஓர் அறைக்குள், யாருக்கும் தெரியாமல் குடிக்கிறது. பயமாக இருப்பது ரத்தத்தினாலா ரகசியத்தினாலா என்று கேட்டால், இரண்டாவது என்றே சொல்வேன்.

புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'. டிராகுலாவுக்கு 25 ஆண்டு முந்தையது, நூறு பக்க அளவு, ஒரு பயண நாளில் முடிந்துவிடும். ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் தனிமையான மாளிகை, துணைக்கு ஆள் இல்லாத ஒரு பெண், வண்டி கவிழ்ந்ததால் வந்து தங்கும் அழகான இன்னொரு பெண். அன்பும் இரையும் எங்கே பிரிகின்றன என்று கடைசி வரை தெரியாது. எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் இதை டிராகுலாவுக்கு மேலே வைக்கிறார்கள். எனக்கு முடிவில் வரும் விளக்கங்கள் சற்று அதிகம்.

இதற்கும் முந்தியது ஜான் பொலிடோரியின் 'தி வாம்பயர்' (1819). 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் மழை கொட்டியது. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்ட கவிஞர் பைரனும் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அங்கே முளைத்தது. பைரனின் மருத்துவரான பொலிடோரி, பைரன் தொடங்கிக் கைவிட்ட கதையை எடுத்து வளர்த்தார். அது பத்திரிகையில் பைரன் எழுதியதாகவே வெளிவந்தது, பாவம். வரலாற்றுக்காகப் படிக்கலாம், தூக்கம் கெடாது.

பிற்கால நாவல்களில் எவை தேறும்?

ரிச்சர்ட் மாதிசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) முதலிடம். நகரம் முழுவதும் ரத்தக்காட்டேரிகளாகிவிட, மிஞ்சிய ஒரே மனிதன் பகலில் முளை சீவுகிறான், இரவில் கதவை அடைத்துக்கொண்டு இசைத்தட்டு கேட்கிறான். வெளியே பழைய பக்கத்து வீட்டுக்காரன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நோய்க்கிருமிதான் காரணம் என்று அவனே நூலகத்தில் படித்துக் கண்டுபிடிக்கும் பகுதி, பொதுமுடக்க நாட்களுக்குப் பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஸ்டீஃபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' (1975) ஒரு சிற்றூர் வீடு வீடாக அணைவதைச் சொல்கிறது. முதல் நூறு பக்கம் ஊர்க்கதைதான், பொறுமை வேண்டும். ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) ரத்தக்காட்டேரியையே பேச வைத்தது. ரைஸ் தன் சிறிய மகளை 1972இல் ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று தெரிந்து படித்தால், என்றைக்கும் வளராத சிறுமி கிளாடியா வரும் பக்கங்களை வேகமாகத் தாண்ட முடியாது.

ஸ்வீடன்காரரான யோன் அய்விதே லிந்த்க்விஸ்டின் 'லெட் தி ரைட் ஒன் இன்' (2004) ஸ்டாக்ஹோமின் புறநகர்க் குடியிருப்பில் 1981இல் நடக்கிறது. பள்ளியில் அடிவாங்கும் பன்னிரண்டு வயதுப் பையனும் பக்கத்து வீட்டுக்கு வந்த குழந்தையும். நாங்கள் படித்ததில் மிகக் கொடூரமானது இது, மிக மென்மையானதும் இதுவே. ஒருவர் பாதியில் நிறுத்தினார். நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை.

'ட்வைலைட்' படிப்பவர்களை உங்கள் கூட்டத்தில் சேர்ப்பீர்களா?

சேர்த்திருக்கிறோம். ஸ்டெஃபனி மேயரின் அந்த நாவல் (2005) வந்தபோது, வெயிலில் மின்னுவது ஒரு ரத்தக்காட்டேரியா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டு கழித்து யோசித்தால், வெயிலில் எரிவதும் ஸ்டோக்கர் சொன்னது அல்லவே. மேகமும் மழையும் நீங்காத ஃபோர்க்ஸ் என்ற ஊரைக் கதைக்களமாகப் பிடித்தது நல்ல யோசனை. காதலன் இரவெல்லாம் ஜன்னல் வழியாக வந்து பெண் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை அன்பு என்று எழுதியிருப்பதுதான் என் குறை. அதைச் சொன்னதும், பதினாறு வயதில் அதைப் படித்த ஒருவர், அந்த வயதில் எங்களைப் பார்க்க யார் இருந்தார்கள் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

கதையின் திருப்பத்தை முன்கூட்டியே சொல்பவரை என்ன செய்வீர்கள்?

அடுத்த கூட்டத்துக்கு அவர்தான் பஜ்ஜி. நூறு ஆண்டு கடந்த நாவலுக்கு இந்தத் தண்டனை பொருந்தாது.

பதின்மூன்று வயது மகள் படிக்கலாமா?

'டிராகுலா' என்றால் நீங்கள் முதலில் படியுங்கள். கோட்டையில் ஒரு மூட்டைக்குள் குழந்தை வரும் இடமும், கல்லறையில் லூசிக்கு முளை அடிக்கும் இடமும் வயதைப் பொறுத்தவை அல்ல, ஆளைப் பொறுத்தவை. லிந்த்க்விஸ்ட் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் மீதான வன்முறை அதில் மறைக்கப்படாமல் இருக்கிறது.

ஆங்கிலம் கடினமா?

ஜோனதனும் மினாவும் எளிதுதான். விட்பி கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஸ்வேல்ஸ் பேசும் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சு ஆங்கிலேயர்களுக்கே விளங்காது, தயங்காமல் தாண்டுங்கள். வான் ஹெல்சிங் ஆம்ஸ்டர்டாம்காரர், இலக்கணத்தை உடைத்துப் பேசுவார், பக்கம் பக்கமாகப் பேசுவார். சத்தமாக வாசித்தால் சிரிப்பு வரும், பொருளும் பிடிபடும். ஸ்டோக்கர் 1912இல் காலமானவர் என்பதால் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மின்னூலாகச் செலவில்லாமல் கிடைக்கிறது.

மே 3 அன்று என்னவோ சமைத்தீர்களாமே?

நாவலின் முதல் பக்கத்திலேயே ஜோனதன் வழியில் ஒரு விடுதியில் பாப்ரிகா மிளகாய்த்தூள் போட்ட கோழி சாப்பிடுகிறான். மிக நன்றாக இருந்தது, தாகம்தான் எடுத்தது, மினாவுக்காகச் செய்முறை வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறான். அன்றிரவு தூக்கம் சரியில்லை, விசித்திரமான கனவுகள். ஜன்னலுக்கு வெளியே இரவெல்லாம் ஒரு நாய் ஊளையிட்டது. ஒருவேளை அது காரணமாக இருக்கலாம், அல்லது அந்த மிளகாயாக இருக்கலாம் என்று எழுதுகிறான். கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடித்தும் தாகம் தீரவில்லையாம்.

அதே கோழியைச் சமைத்துப் பார்த்தோம். வெங்காயம், கோழி, பாப்ரிகா, கடைசியில் புளித்த பாலேடு. ஏழு பேரும் ஒரே குரலில், காரமே இல்லையே என்றார்கள். வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார்.